இதன்மேல் செல்லாநின்ற வருஷம்

எனக்குத் தேதி தப்பினால் ஆகாது. முப்பது வருஷம் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகள் ராஜாவை மாற்றி எழுதினால்கூடப் பொறுத்துப்போவேன், வருஷத்தை மாற்றி எழுதினால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். கிள்ளானில் எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷப் பத்திரிகை வந்தாலும், மாப்பிள்ளை யார் பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பேன். ஒருதரம் பொருந்தவில்லை. உடனே போன் போட்டுச் சொன்னேன். பத்திரிகை ஐந்நூறும் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த வீட்டம்மா இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்னை அவர் கூப்பிடுவதே டீச்சர் என்றுதான். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, முப்பத்துமூன்று வருஷத்தில் அதுவே என் பேராகிவிட்டது. அப்படிப்பட்ட டீச்சர் ஒரு முழு வருஷத்தை விழுங்கினேன். கோயிலில் நின்று, கல்லுக்கு முன்னால் நின்று, கூசாமல் விழுங்கினேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சனிக்கிழமைக் காலைகளில் கோமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய்வர ஆரம்பித்தேன். ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் கல்வெட்டுப் படிக்கும் கூட்டம் ஒன்று நடக்கும். மொத்தம் எட்டுப் பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பழைய கோயில் சுவர்களின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவோம். வீட்டுக்காரருக்கு இதில் துளி அக்கறை கிடையாது. ஆனாலும் லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் கூடவே வருவார். கீழே சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பார். நான் படியிறங்கி வந்ததும், "இன்னிக்கு எந்த ராஜா?" என்று கேட்பார். கேட்டுவிட்டால் நான் விடுவேனா? ரயில் கிள்ளான் வந்து சேர்கிற வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடுவேன்.

அந்தக் காலத்து ஆட்கள் வருஷத்தைச் சொல்கிற விதம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாண்டியர் கல்வெட்டுகளில் 'இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது' என்று வரும். ராஜா பட்டத்துக்கு வந்து பதினைந்தாவது வருஷம் என்று அர்த்தம். நேரே பதினைந்து என்று சொல்லிவிட்டுப் போனால் என்னவாம்? முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்த கல்யாண நாளுக்கு வந்த விருந்தாளிகளிடம், "எங்களுக்கு இது முப்பதாவதின் எதிர் மூணாவது வருஷம்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருக்கிறது நான்தான் என்று எல்லோருக்கும் கை காட்டினார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது.

அதற்குப் பின்னால், விஜயநகர ராஜாக்கள் காலத்துக் கல்வெட்டுகளில் இன்னொரு முறை வரும். முதலில் சகாப்தம் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். பிறகு 'இதன்மேல் செல்லாநின்ற' என்று போட்டு, வருஷத்தின் பேரைச் சொல்வார்கள். எண் பெரும்பாலும் முடிந்துபோன வருஷங்களின் கணக்கு. பேர் அதற்கு மேல் இப்போது நடந்துகொண்டிருக்கிற வருஷத்துக்கு. பிரபவ, விபவ என்று தொடங்கி மொத்தம் அறுபது பேர்கள். நாம் எழுபதுகள், எண்பதுகள் என்று பத்துப் பத்தாகக் கட்டிவைத்துப் பேசுகிறோமே, அந்தப் பழக்கத்தை நான் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஒரு கட்டு என்றால் அறுபது.

"அறுபது முடிஞ்சா?" என்று ரயிலில் கேட்டார்.

"மறுபடியும் பிரபவ."

"அப்ப எந்த அறுபதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் பக்கத்துல எண் போட்டிருக்காங்க."

"எண்ணுல சந்தேகம் வந்தா?"

"பேரைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"நல்ல ஏற்பாடுலா," என்றார். "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு போட்டுக் குடுத்துடும்." நான் தலையாட்டிவிட்டு அடுத்த ராஜாவுக்குப் போய்விட்டேன்.

போன சித்திரையில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். லோரியில் சாமான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆனி மாதத்தில் நாள் கொடுத்தார்கள். எனக்கு அதுவே தள்ளிப்போகிறதே என்று இருந்தது. இவர் டாக்டரிடம் மரியாதையாக, அடுத்த பங்குனிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டாக்டர் சின்ன வயசுப் பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அங்கிள், அவ்வளவு மாசம் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன் என்று மலாயில் சொன்னாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவர் பிறந்தது பங்குனியில். அந்தச் சித்திரையில் அவருக்கு ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நடந்துகொண்டிருந்தது. அவருடைய அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்து போனார், அறுபது நடக்கும்போது. அவருடைய அண்ணன் இதே நெஞ்சு ஆப்பரேஷனுக்கு உள்ளே போனார், அவருக்கும் அறுபது நடந்துகொண்டிருந்தது. திரும்பி வரவில்லை. அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவர் இவர்தான். அந்தக் குடும்பத்தில் எந்த ஆம்பிளையும் அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை போட்டுக்கொண்டதில்லை.

"அறுபது முடியட்டும். அப்புறம் எங்க வேணா வெட்டிக்கட்டும்," என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. படித்த மனுஷன் பேசுகிற பேச்சா என்றேன். உங்களுக்கு உங்கள் குடும்ப ராசிதான் பெரிசு, நான் எப்படிப் போனால் என்ன என்றேன். ஒருநாள் குழம்புக் கரண்டியைத் தொட்டியில் வீசினேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அவர் ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் ஒரு கை வைத்தபடி நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எனக்குக் கோபமெல்லாம் போய்ப் பயம்தான் மிஞ்சும்.

அந்தச் சமயத்தில் செலாயாங்கிலிருந்து அவருடைய அக்கா பார்க்க வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இவரைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி வெற்றிலைப் பையைத் திறந்துகொண்டே, "இவன் ஐசி கார்டுல இருக்கிற பொறந்த வருஷம் சரின்னு யாரு சொன்னா?" என்றார். "எங்க தோட்டத்துல பாதிப் பேருக்கு ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி போட்டதுதான் வயசு. நாலஞ்சு வருஷம் கழிச்சு மொத்தமா வரிசையில நிக்கவச்சுப் பதிஞ்சாங்க. எனக்கே ரெண்டு வயசு கூட."

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. தோட்டத்து ஆட்கள் வருஷத்தை எண்ணால் சொன்னதில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த வருஷம், வெள்ளம் லயத்து வீடுகளுக்குள் வந்த வருஷம் என்றுதான் சொல்வார்கள். இவர் பிறந்ததற்கும் அப்படி ஓர் அடையாளம் இருந்தது. தோட்டத்து அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்து, நாற்பத்தெட்டாம் நாள் மண்டலாபிஷேகம் முடிந்த அன்றைக்குப் பிறந்த பிள்ளை என்று என் மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கும்பாபிஷேகம் எந்த வருஷம், அண்ணி?"

"கல்லு இருக்குதே. கோயில் வாசல்ல பதிச்சிருக்கு. போய்ப் பாத்துக்கலாம்."

கும்பாபிஷேகம் ஒரு வருஷம் முன்னால் நடந்திருந்தால் போதும். இவருக்கு அறுபது முடிந்துவிட்டிருக்கும், பயப்படுகிற வருஷத்தை அவருக்கே தெரியாமல் தாண்டிவிட்டிருப்பார். அன்றைக்கு நான் நேர்மையாகத்தான் ஆசைப்பட்டேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூன்று பேரும் புறப்பட்டோம். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் மெதுவா, லோரிக்கு வழி விடு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தோட்டம் இப்போது இல்லை. எல்லாம் தொழிற்சாலைகள். கோயிலை மட்டும் பின்பக்கம் அரை ஏக்கரில் தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று தரையை உயர்த்திப் புதிதாக வெள்ளை மார்பிள் ஓடு பதித்திருந்தார்கள். வாசலுக்கு இடது பக்கச் சுவரில், தரையோடு தரையாக அந்தக் கருங்கல் இருந்தது.

"பள்ளிக்கூடம் விட்டா இந்தக் கல்லுக்கிட்டதான் கெடப்பான்," என்றார் அண்ணி. இவர் குனிந்து முதல் வரியை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.

நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளி வாத்தியார் யாரோ ஆசையாக எழுதிக்கொடுத்திருக்க வேண்டும், பழைய கல்வெட்டு மாதிரியே இருந்தது. முதல் வரியில் ஸ்வஸ்திஸ்ரீ. இரண்டாவதில் அம்மன் பேர். மூன்றாவதில் சாலிவாகன சகாப்தம் ௲௮௱௮௰௭ என்று தமிழ் எண்ணில். நான்காவதில் 'இதன்மேல் செல்லாநின்ற'. அவ்வளவுதான். வருஷத்தின் பேர் இருக்க வேண்டிய ஐந்தாவது வரி மார்பிள் ஓட்டுக்குக் கீழே போய்விட்டது.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு. அதோடு எழுபத்தெட்டைக் கூட்டினால் அந்தச் சித்திரை பிறந்த ஆங்கில வருஷம் வந்துவிடும். எனக்குக் காகிதம் தேவையில்லை. கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். அந்த வருஷத்துத் தையில் கும்பாபிஷேகம், பங்குனியில் இவர். கிராணி சரியாகத்தான் எழுதியிருந்தார். ஐசி சரி, ஓட்டுக்குக் கீழே இருக்கிற பேரும் எனக்குத் தெரிந்துபோனது. எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்குகிற நாட்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் அச்சடித்திருக்கிற அதே பேர், விசுவாவசு. அறுபது வருஷம் சுற்றி அதே பேர் திரும்பி வந்து அப்போதுதான் சில வாரம் ஆகியிருந்தது. இவருடைய அறுபது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

முழங்கால் வலித்தது. எழுந்திருக்க மனசு வரவில்லை. பின்னால் இவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. வண்டி நிறுத்திய இடத்திலிருந்து இருபது அடி நடந்ததற்கே அப்படி மூச்சு வாங்கியது.

"என்ன டீச்சர், என்ன போட்டிருக்கு?"

நான் திரும்பிப் பார்க்காமலே பேசினேன். வகுப்பில் பாடம் எடுக்கிற குரல் தானாக வந்தது. "இந்த எண் இருக்கு பாருங்க, இது நடப்பு எண். சில கல்லுல அப்படிப் போடுவாங்க. அப்படின்னா முடிஞ்சது ஒண்ணு கம்மி. அதுல இருந்து கணக்குப் பண்ணணும். நீங்க பொறந்தது ஐசியில இருக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னால. குரோதி வருஷத்துப் பங்குனி." எண்ணின் மேல் விரலை ஓட்டினேன். "உங்களுக்கு அறுபது போன பங்குனியிலயே முடிஞ்சிடுச்சு. இப்ப நடக்கிறது அறுபத்தொண்ணு."

சில கல்லில் நடப்பு எண் வருவது உண்மைதான். அதனால்தான் பேரை வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்தப் பேர் ஓட்டுக்குக் கீழே இருந்தது. நான் அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

"அஞ்சாவது வரி?" என்று கேட்டார்.

"மூடிட்டாங்க. படிக்க முடியாது."

அவர் கல்லை ஒருதரம் பார்த்தார். பிறகு எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். அண்ணி அம்மன் பக்கம் திரும்பிக் கைகூப்பி அழுதார். திரும்பி வரும்போது இவர் என் வண்டியோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஆனிக்கு ஒத்துக்கொண்டார். அறுபது முடிந்த பிள்ளையை மாலை போடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்றார். வைகாசியில் அவர் நட்சத்திரமான அனுஷம் வருகிற நாளில், கிள்ளானிலேயே சின்னதாக அறுபதாம் கல்யாணம் வைத்தோம். செராஸிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஐசியில் வருஷம் தப்பு, கல்வெட்டைப் படித்து எங்கள் டீச்சர் கண்டுபிடித்தாள் என்று அண்ணி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குடத்துத் தண்ணீரை எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஊற்றினார்கள். ஈரத்தோடு உட்கார்ந்து நான் நடுங்கினேன். குளிர் என்று நினைத்து மகள் துண்டு கொண்டுவந்து போர்த்தினாள். அவர் இரண்டாவது தாலியை என் கழுத்தில் கட்டும்போது, சாமி, தப்பு என்னுடையது, இவரை எதுவும் செய்துவிடாதே என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். எனக்கு இந்த அறுபது கிறுபது எதிலும் நம்பிக்கை கிடையாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

ஆப்பரேஷன் அன்று காலையில் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி என் கைப்பையில் போட்டார். கட்டிலைத் தள்ள ஆள் வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு இவர் நடந்த மாதிரி நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கதவுக்கிட்டே வந்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபத்தொண்ணுதானே, டீச்சர்?"

"ஆமா. அறுபத்தொண்ணு."

"அப்பச் சரி," என்று சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

பகல் முழுக்கக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மகள் ரொட்டி வாங்கிக் கொடுத்தாள், கையிலேயே வைத்திருந்தேன். உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும், உள்ளே இருக்கிற மனுஷனுக்கு அறுபது நடக்கிறது என்று. அவர் வராவிட்டால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? என் கணக்கு அவரைக் கொன்றுவிட்டது என்று அண்ணியிடம் சொல்லத்தான் வேண்டியிருக்கும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். சாயங்காலம் டாக்டர் பெண் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது ஆன்டி என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளே மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள்.

தேறி வந்தார். ஆடியில் வீட்டுக்குள் நடந்தார், புரட்டாசியில் தெருமுனை வரைக்கும் போனார், தீபாவளிக்கு முறுக்கு எடுத்து என்னிடம் அடி வாங்கினார். எல்லோருக்கும் ஆபத்து தாண்டிவிட்டது. எனக்கு மட்டும் பங்குனி வரைக்கும் இருந்தது. அடுப்படி நாட்காட்டியில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் அந்தப் பேரைப் பார்க்காமல் கிழிப்பேன். அவர் இருமினால் ஓடுவேன். பகலில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் மூச்சைப் பார்ப்பேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவர் சுமந்த பயத்தை வாங்கி நான் வைத்துக்கொண்டேன், அவர் பயமில்லாமல் உள்ளே போனார், பயமில்லாமல் வெளியே வந்தார் என்று. இந்த முப்பத்துச்சொச்சம் வருஷத்தில் நான் அவருக்குச் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி அனுஷமும் வந்தது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று சீக்கிரம் குளித்தேன். கூடத்துக்கு வந்தால் அவர் எனக்கு முன்னால் குளித்திருந்தார். வைகாசியில் கட்டிய அதே பட்டு வேட்டி. நெஞ்சில் தழும்பு தெரிய, சட்டைப் பித்தான் போடாமல் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் வாழையிலைப் பொட்டலம், அதில் இரண்டு மல்லிகை மாலை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் போய் வாங்கி வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல்.

"என்னங்க இது?"

"இன்னிக்குத்தானே டீச்சர் அறுபது முடியுது. ஒழுங்கா ஒருதரம் பண்ணிடுவோம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கல்லுலதான் நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்," என்றார். "அப்ப அதுக்கு மேல ஓடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. தெனம் அஞ்சு வரியையும் கத்திப் படிப்பேன். 'இதன்மேல் செல்லாநின்ற விசுவாவசு வருஷம்'. அர்த்தம் தெரியாது, பாட்டு மாதிரி இருக்கும். அத மறப்பேனா? நீதான் ரயில்ல சொன்ன, எண்ணுல சந்தேகம் வந்தா பேரைப் பார்த்தா தெரிஞ்சிடும்னு. நம்ம அடுப்படியிலயே அந்தப் பேரு தொங்குது."

"அப்ப கோயில்லயே தெரியுமா?"

"வீட்ட விட்டுக் கெளம்பும்போதே தெரியும். நீ என்ன சொல்லப் போறேன்னு பாக்கத்தான் வந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேக்கல? ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

மாலையைப் பிரித்து நூலைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார். "ஒரு தேதி தப்பா இருந்தா ஊரையே பகைச்சுக்கிறவ நீ. கல்லு முன்னால மண்டி போட்டு ஒரு வருஷத்த மாத்திச் சொல்ற. கழுத்துப் பின்னால வேர்க்குது உனக்கு. இவளுக்கு இவ்வளவு பயமான்னு இருந்துச்சு. அப்புறம் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

நான் அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே அப்போது பிடிபடவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் பிடிபட்டது.

"அப்ப அன்னிக்குக் கதவுக்கிட்ட," என்றேன். "அறுபத்தொண்ணுதானேன்னு கேட்டீங்களே. பயமில்லாம உள்ள போறீங்கன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"பயந்துக்கிட்டேதான் போனேன்," என்றார். "அண்ணன் முகம்தான் கண்ணுக்கு முன்னால இருந்துச்சு. நீ வெளியில நிம்மதியா உக்காந்திருக்கணுமேன்னு கேட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றி ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் எழுந்து அவர் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று தப்பான ஓட்டையில் போனது, கழற்றித் திரும்பப் போட்டேன்.

"இப்ப கணக்குச் சொல்லு," என்று மாலைக்காகத் தலையைக் குனிந்தார்.

"அறுபது. இதன்மேல் செல்லாநின்ற அறுபத்தொண்ணு."

"இந்தத் தடவ சரிதானே, டீச்சர்?"

"சரி," என்று சொல்லிவிட்டு மாலையைப் போட்டேன்.